எட்டு வருடக் கணக்குக்கு என் பதில்

மச்சான்,

என் கூரைமேல் இரண்டு ஆட்கள் நடக்கிறார்கள். சோலார் தகடு பூட்ட அளவெடுக்கிறார்கள். வெயிலில் காய்ந்த தகரத்தின் வாசம் ஜன்னல் வழியே வருகிறது. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க மெஷின் பார்த்துவிட்டு, திகனையில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தவன் நீ. சோலார் பூட்டும் ஆசையில் உன் கூரையில் ஏறி, பலாமர நிழல் எந்த நேரம் எதுவரை விழுகிறது என்று செங்கல் துண்டால் கோடு கிழித்தாய். சூரியன் பிந்தி வந்திருந்தால் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருப்பாய்.

"சாகிறதுக்கு முன்னாடி ஒருநாளாச்சும், பில்லுக்குப் பயப்படாம வீட்டு லைட்டையெல்லாம் ஒண்ணாப் போட்டுப் பார்க்கணும் மச்சான்" என்பாய். அன்றைக்குப் பல்லேகல கிரிக்கெட் மைதானமே வெட்கப்பட்டு விளக்கை அணைத்துவிடும் என்பேன் நான்.

அப்புறம் உன் மகன் போனை எடுத்துத் தட்டினான். "போட்ட காசு திரும்பிவர எட்டு வருஷமாகும்ப்பா. ஒங்களுக்கு இப்பவே எழுபத்தஞ்சு." கெட்ட பிள்ளையில்லை, கணக்கில் கெட்டிக்காரன், அவ்வளவுதான். நீ தலையாட்டினாய். "சரிதானே, அதுவரைக்கும் நான் இருக்கவா போறேன்?" அடுத்த மழைக்காலம் முடியுமுன் போயும்விட்டாய். நெஞ்சு என்றார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? உன்னைக் கொன்றது அந்த வகுத்தல் கணக்கு.

இன்று காலை அதே பிள்ளை என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நல்லா யோசிச்சீங்களா மாமா? காசு திரும்பி வர்றப்ப ஒங்களுக்கு எம்பத்தி நாலு."

"அப்ப எமன்கிட்டச் சொல்லிரு, அதுவரைக்கும் கேட்டுக்கு வெளிய நிக்கட்டும். உள்ள கால் வச்சா கரண்ட் அடிக்கும்."

"வெளையாடாதீங்க மாமா."

"வெளையாட்டா? நீ இப்ப குடிக்கிற பிளேன்டீ எந்த வருஷம்டா காசைத் திருப்பித் தரும்? ஒங்கப்பன் வெளிச்சம் கேட்டான். நீ அவன் வயசச் சொன்ன."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அம்மாவுக்கு எழுபத்திரண்டு மாமா" என்றான், மெதுவாக.

"யாரு கேட்டா?" என்றேன்.

இந்த ஆட்கள் என் கூரையிலிருந்து இறங்கியதும் உன் கூரைக்கு ஏறுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

உன் மகனோடு என் சண்டை தீர்ந்தது. உன்னோடு தீரவில்லை. அன்றைக்கு ஏனடா தலையாட்டினாய்? அந்தக் கோபத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை மச்சான். எண்பத்து நாலுவரை நடக்க எனக்கு அது போதும்.