தேசம்மா பங்கு போட்ட மாத்திரைகள்

என் அன்புத் தங்கச்சி தேசம்மாவுக்கு,

"நீ இன்னாத்துக்குணா போய்ச் சொன்ன?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டாய். கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீன்கூடைக்காரிகள் இருவர் கடந்து போகும்வரை காத்திருந்து, அவர்கள் காதில் விழாதபடி கேட்டாய். முப்பது வருஷம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவன் நான். அன்று என் வாயில் வந்தது, "கணக்கு தப்பாயிடும்மா" என்பது மட்டும்தான். நீ உன் விரல்களைப் பார்த்தாய். "கணக்குக்குக் கை வலிக்குமா?" என்றாய். அதன் பிறகு நாம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். குப்பத்தில் நைலான் நூலில் வலை வந்திருக்கிறது. தொட்டால் வழுக்குகிறது என்று பெரியவர்கள் குறை சொல்கிறார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேப்பர் படிக்கிறேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு நம்முடையதில்லை என்பதுபோல் இருக்குமே, அந்த மாதிரிதான் இருக்கிறது.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உனக்குச் சேரவேண்டிய செய்தி ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முதலிலிருந்து வரவேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன், பொறுத்துக்கொள். இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது.

முடக்குவாதம் உன் விரல் கணுக்களில்தான் முதலில் வந்தது. காலையில் எழுந்தால் கை மடங்காது. வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு விரலாக உன் சொல்லைக் கேட்கும். உன் வீட்டுக்காரர் போனபின் என் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, கல்மண்டபத்தில் மீன் விற்று, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள் நீ. அரிவாள்மணை முன் உட்கார்ந்து ஒரு வஞ்சிரத்தை நறுக்க முடியாமல் போன அன்று, கூடையை அப்படியே அடுத்தவளிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாய். உனக்கு வேண்டியது ஒன்றுதான்: மறுபடி அந்த இடத்தில் போய் உட்காரவேண்டும்.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். கப்பலில் வரும் கார்ட்டிசோன் என்ற புது மருந்து ஒரு பக்கம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற ஆஸ்பிரின் இன்னொரு பக்கம். முடக்குவாதக்காரர்களில் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. இரண்டுக்கும் ஒரே நிறத்தில் பூச்சு, ஒரே அளவு. புட்டியில் எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அரக்கு வைத்து ஒட்டிய உறையில் இருக்கும். எனக்கு அது உடனே புரிந்தது. பெயரை மறைத்துவிட்டு விடைத்தாளைத் திருத்துவதுபோல. பெயர் தெரிந்தால், நல்ல பிள்ளைக்கு நம் கை தானாக ஒரு மார்க் கூடப் போட்டுவிடும்.

புதன்கிழமை தோறும் போனோம். காலையில் கை மடங்க எவ்வளவு நேரம், எந்தெந்த மூட்டில் வீக்கம், வேறு என்ன தொந்தரவு என்று நோட்டில் எழுதவேண்டும். பிறகு டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் காற்றுப் பையைச் சுருட்டி உன் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வார். பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் உன் கையின் பலம். "இன்னா டாக்டரு, நண்டு புடிக்க சொல்லித் தரியா?" என்று நீ கேட்டதற்கு அவர் வெகுநேரம் சிரித்தார்.

உனக்கு எழுதத் தெரியாது என்பதால் உன் நோட்டை நான் எழுதினேன். பக்கத்து பெஞ்சில் வியாசர்பாடி பாக்கியம் இருந்தாள். கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். அவளும் படிக்காதவள், அவள் நோட்டும் என்னிடமே வந்தது. "வாத்யாரே, எனக்கும் நல்ல மார்க்கா போடு" என்பாள். எழுதி முடித்ததும் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். நீங்கள் இருவரும் அந்த வாரத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு நிதானமாக வருவீர்கள்.

இரண்டு மாதத்தில் உனக்கு வலி விட்டது. பாதரசம் ஏறியது. ஒரு நாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ஒரு முழுச் சங்கரா மீன் துண்டு துண்டாக நறுக்கிக் கிடந்தது. நீ குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாய். காதில் மட்டும் சதா கடல் இரைகிறது என்றாய். அதையும் நோட்டில் எழுதினேன். பாக்கியத்துக்குக் காதில் ஒன்றுமில்லை. முகம் மட்டும் பௌர்ணமி மாதிரி உருண்டு வந்தது. ஆனால் அவள் கைவலி விடவில்லை. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் காப்பி குடித்தாள். உனக்குப் புது மருந்து, அவளுக்குத் தலைவலி மாத்திரை என்று நாம் மூன்று பேருமே நினைத்தோம்.

பிறகு ஒரு புதன்கிழமை பாக்கியம், காதில் இரைச்சல் என்றாள். அதற்கடுத்த வாரம் கண்ணாடி முன் நின்று, "ஊட்டி ஊட்டி வளத்த மாதிரி கீதே என் மூஞ்சி" என்று நீ சொன்னாய். நான் எழுதிக்கொண்டே வந்தேன். நான்காவது வாரம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்திருந்தால் வாத்தியாருக்கு வேறு சாட்சி வேண்டாம். உன்னுடைய தொந்தரவு அவளிடம் போயிருந்தது. அவளுடையது உன்னிடம் வந்திருந்தது.

உன்னிடம் கேட்டிருக்கவேண்டும். முன்னறையில் பத்தடி தூரத்தில் இருந்தாய். கேட்கவில்லை. இரண்டு வாரம் பேசாமல் வைத்திருந்தேன். பிறகு நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் உங்களைக் கூப்பிட்டுக் கோபமில்லாமல்தான் கேட்டார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். நீ குனியவில்லை. "ஆமா டாக்டரு. ரெண்டு புட்டியையும் என் முந்தானியில கொட்டி, கலந்து, பாதி பாதியா எடுத்துக்கினோம். அவ அயுதுகினு கெடக்கசொல்ல நான் மட்டும் எப்டி முயுங்கறது? கட்டுமரத்துல மூணு பேர் போனா மீன்ல மூணு பங்கு. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சிருந்தா அவன் பங்க எடுத்துடுவாங்களா?"

 டாக்டர் பெரிய பதிவேட்டைத் திறந்து உங்கள் இரண்டு எண்கள் மேலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சன்னமான கோடு. அடித்தது தெரியவேண்டும், எண்ணும் தெரியவேண்டும் என்பதுபோல. நீங்கள் இருவரும் ஆராய்ச்சிக்கு வெளியே. ஆனால் அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு, ஆராய்ச்சிக்கு வெளியே இருக்கிற எல்லோருக்கும் தருவதுபோல ஒரு பெரிய புட்டி ஆஸ்பிரின். வேளை தவறாமல் நிறையச் சாப்பிடவேண்டும், இதைக் குறைவாக நினைக்கவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

வெள்ளையாக, புளிப்பாக இருந்தது. நீ ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "தலவலிக்குப் போடறது. எனக்குத் தலையிலயா கீது வலி?" என்றாய். எப்போதாவது தாங்கமுடியாத அன்று ஒன்று போடுவாய். மற்ற நாளெல்லாம் புட்டி நீ படுக்கும் இடத்துக்கு மேலே அலமாரியில் நின்றது. நான் தினமும் அதைப் பார்த்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் பழைய கேள்வி திரும்பி வருமே என்று பயந்தேன். அதைவிட, நானும் உன்னைப்போலத்தான் நினைத்தேன்: நல்ல மருந்தை என் வாயாலே நிறுத்திவிட்டேன், இது என்ன செய்யப்போகிறது?

உன் கை பழையபடி ஆனது. பிறகு பழையதைவிட மோசமானது. கல்மண்டபத்து இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். அடைமழையில் வந்த காய்ச்சல் மார்பில் இறங்கி நாலே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. குளிப்பாட்டியவர்கள் உன் விரலை நீட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. "வுட்டுடுங்க, அவளுக்கு வலிக்கும்" என்று யாரோ சொன்னார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இனிமேல்தான் செய்தி.

போன மாதம் டாக்டர் கார்டு போட்டிருந்தார். போனேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கணக்கெல்லாம் முடிந்து உறைகளைப் பிரித்தாயிற்று என்றார். ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். எல்லோரும் அதிசயமாகப் பேசிய மருந்தும், கடை மாத்திரையும், ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றனவாம். வெளிநாட்டிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்களாம். நான் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அவர் தயங்கி, "வாத்தியார், உங்க தங்கச்சியோட உறையையும் பிரிச்சோம். அவங்களுக்குக் கொடுத்தது ஆஸ்பிரின்" என்றார்.

பாக்கியத்துக்கு?

"கார்ட்டிசோன்."

நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி அதையே சொன்னார். காது இரைந்தது ஆஸ்பிரினால், முகம் உருண்டது கார்ட்டிசோனால் என்று விளக்கினார். முன்பே சந்தேகம் இருந்ததாம். உறை பிரியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது விதியாம். அப்படியானால் பாக்கியத்துக்கு ஏன் விடவில்லை என்று கேட்டேன். "ஒருத்தர் உடம்பை வச்சு ஒரு மருந்தை எடைபோட முடியாது. அதுக்குத்தான் இத்தனை பேர்" என்றார். ஒரு பிள்ளையின் மார்க்கை வைத்து வகுப்பை எடைபோட முடியாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து அந்தப் புட்டியை எடுத்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. மூடியைத் திறந்தால் காடி வாடை. உனக்குச் சங்கரா மீனை நறுக்கிக் கொடுத்த மருந்து அதுதான், தேசம்மா. பூச்சு மட்டும்தான் இல்லை. நான் உன்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நீ போகும்வரை அது உன் தலைக்கு மேலேயே இருந்தது. இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன்.

வியாசர்பாடிக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் டாக்டர் சொன்னபடி வேளை தவறாமல் ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள். செங்கல் தூக்க முடியாது. ஆனால் டம்ளரை விரலால் பிடிக்கிறாள். நான் சொல்லி முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ அவ எனக்கு குடுத்தது தலவலி மாத்திரை. நான் அவளுக்கு குடுத்ததுதான் கப்பல் மருந்தா?" என்றாள். பிறகு, "அத்த அவகிட்ட யாரு வாத்யாரே சொல்றது? சாவற வரிக்கும் தான்தான் எனக்குக் குடுத்தோம்னு நெனச்சிகினு இருந்தாளே" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் சொல்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கும் இப்போதாவது பதில் சொல்லவேண்டும். தராசின் இரண்டு தட்டில் இருப்பதையும் கலந்துவிட்டால் முள் எதைக் காட்டும்? எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ நமக்குத் தெரியாத ஒருத்தி நாளைக்குக் கை மடங்காமல் எழுந்திருப்பாள். அவளுக்கு எதைக் கொடுப்பது என்பதை அந்த முள்தான் சொல்லவேண்டும். அவளும் மரத்தில் ஏறிய ஆள்தான். அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்படிச் சொல்லியிருந்தால் நீ ஒப்புக்கொண்டிருப்பாயோ? ஒருவேளை, "சரிணா, பாக்கியத்துக்கு இன்னா சொல்றது?" என்று கேட்டிருப்பாய்.  போய்ச் சொன்னது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உன்னிடம் கேட்காமல் போனதும், அதற்குப் பிறகும் கேட்காமல் இருந்ததும்தான் தப்பு.

டாக்டர் மறுபடி ஏதோ ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கப்போகிறார். எழுதத் தெரியாதவர்களுக்கு நோட்டு எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போவேன். ஒவ்வொரு புதன்கிழமையும் போவேன். நோட்டைத் திறப்பதற்கு முன், எதற்காக எழுதுகிறோம் என்பதை அவர்களுக்கு விளங்கும்வரை சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூட இருந்து இதைப் படித்தவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டு அலமாரியிலும் யாருக்கோ கொடுத்து, அவர் தொடாமல் வைத்திருக்கும் மருந்து ஒன்று இருக்கும். இன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

பத்தடி தூரத்தில் இருந்தும் கேட்காத,
உன் அண்ணன்.