கையாட்டிய குற்றம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் மானம் ஒன்றைத் தவிர. அது கடற்கரையில் போனது, இன்னும் வீடு வந்து சேரவில்லை.

எப்படிப் போனது என்று மற்றவர்கள் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் மகள் சுண்டெலிக்கு உன் தம்பி ஒரு காற்றடைத்த வளையம் வாங்கியிருந்தான். மஞ்சள் நிறம், முன்னால் வாத்துத் தலை. குழந்தையைத் தண்ணீரில் இறக்கும் முன் அது தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? பெரிய மனுஷன் என்ற பொறுப்பில் தலைவழியாக மாட்டிப் பார்த்தேன். தோளைத் தாண்டியது. தொப்பைக்கு வந்ததும், இதுதான் என் ஊர் என்று உட்கார்ந்துவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பக்கத்துக் குடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, உன் அம்மா ஒரு பக்கம் இழுக்க, மருமகள் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் காற்றைப் பிடுங்கித்தான் என்னை வெளியே எடுத்தார்கள். மூடி எங்கேயோ மணலில் விழுந்தது, கிடைக்கவில்லை. "முட்டைக்குள்ள இருந்து வாத்து வரும்னு தெரியும். வாத்துக்குள்ள இருந்து இவர் வந்திருக்கார்" என்றாள் உன் அம்மா. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

இதைப் போனில் சொன்னால் போதாதா என்பாய். தம்பி லீவுக்குக் குடும்பத்தோடு இன்னும் இங்கேதான் இருக்கிறான், நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் ஒரு வார்த்தை பேசினால் நாலு பேர் நடுவில் புகுந்து அதற்கு உரை எழுதுகிறார்கள். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். பத்தாவதில் நின்றுபோனவன் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் உன் மேலதிகாரி அம்மாளைப் பற்றி. இந்தப் பயணமே நீ வருகிறாய் என்றுதானே போட்டோம்? அறை எடுத்து, பெட்டி கட்டிய பிறகு, ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்று லீவைப் பிடுங்கிக்கொண்டாளாமே. ஆள் குறைந்தால் அவள் போய் ஊசி போடட்டும். கை என்ன தேய்ந்தா போய்விடும்? நான் பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போ மேனேஜர் என்னிடம் இப்படித்தான் ஒரு தரம் செய்தார். சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க சார் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலையில் நானே போய், தலையைச் சொறிந்துகொண்டு, அந்தச் சாவியைத் திருப்பி வாங்கினேன் என்பதை விடு. ஒரு நாளாவது வைத்தேன் இல்லையா?

மாப்பிள்ளை தவறிய பிறகு நீ எதற்காக அவ்வளவு தூரம் போனாய் என்று எனக்குத் தெரியாதா? உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ வரவில்லை என்றதும் சுண்டெலி தரையில் உருண்டு அழுதாள். நீதான் போனில் பேசிச் சமாதானம் செய்தாய். அழாதடா, அம்மா கடலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன், நீ இந்தப் பக்கம் நிக்கப்போறே, அவ்வளவுதான் என்றாய். நல்ல பேச்சு. நானும் அதற்குத் தாளம் போட்டேன். வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இனி என் வழக்கு. தம்பி எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறவன், உனக்குத் தெரியும். யார் எப்போது குளிப்பது, யார் எந்தக் கட்டிலில் படுப்பது எல்லாம் எழுதி அறைக் கதவில் ஒட்டிவிட்டான். கடற்கரையில் எனக்குக் கொடுத்த உத்தியோகம் மூட்டைக் காவல். துண்டு, செருப்பு, தண்ணீர் பாட்டில், எல்லோருடைய போன், இவற்றுக்கு நடுவில் ஒரு மடக்கு நாற்காலி, அதில் நான். ஏண்டா, ஊரையே ஏற்றி இறக்கியவனிடம் ஒரு குழந்தையை ஒப்படைக்க மாட்டாயா என்று கேட்டேன். அப்பா, உங்களுக்கு நீச்சல் தெரியாது, முட்டியும் சரியில்லை என்றான். நீச்சல் தெரியாது என்பது வாஸ்தவம். பஸ் தண்ணீரிலா ஓடிற்று?

ஆனால் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். மாற்று டிரைவர் வந்து ஏறாமல் நான் இருக்கையை விட்டு இறங்கியதே கிடையாது. கடற்கரையிலும் இறங்கவில்லை. வினை அங்கேதான் வந்தது.

இரண்டாம் நாள் சாப்பிட்டு முடித்த நேரம். தம்பி தன் பிள்ளைகள், அந்த வாலுகள் இரண்டையும் அலையில் பிடித்துக்கொண்டிருந்தான். மருமகள் துணி அலசப் போயிருந்தாள். உன் அம்மா குடை நிழலில் கண்ணயர்ந்துவிட்டாள். மணலில் விளையாடிக்கொண்டிருந்த சுண்டெலி என்னிடம் வந்து, நீ அனுப்பிய வெள்ளை ஷூவைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பட்டையை நான்தான் ஒட்டிவிட்டேன். தலை சீவிவிடச் சொன்னாள், சீவிவிட்டேன். தன் சின்னப் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். அதற்குள் ஒரு பிஸ்கட் பொட்டலமும், மாற்றுக் கவுனும், அவள் பொறுக்கிய சிப்பிகளும் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைத்தேன். "தாத்தா, போயிட்டு வரேன்" என்றாள். "போயிட்டு வாம்மா" என்றேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பி ஆட்டினாள், நானும் ஆட்டினேன். அது என் கையில் ஊறிப்போன பழக்கமம்மா. சாலையோரம் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டும் பிள்ளைக்குப் பதிலுக்கு ஆட்டாமல் நான் ஒரு நாளும் கடந்து போனதில்லை. கை காட்டியது குழந்தை என்றால் என் கை என்னைக் கேட்காமலே எழும்பும்.

அவள் தண்ணீரைப் பார்த்து நேராக நடந்தாள். விளையாடப் போகிற பிள்ளை ஓடும், குதிக்கும், அலை வந்தால் பின்வாங்கும். இவள் பின்வாங்கவில்லை. கால் நனைந்தது, முட்டி நனைந்தது, நடந்துகொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி எங்கே விழுந்தது, மூட்டை என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. ஒரு அலை அவளைக் கவிழ்த்துவிட்டது. தலை தெரியவில்லை, முதுகுப்பை மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். எனக்கு மார்புவரை தண்ணீர். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நான் இந்தக் கடிதத்தை வேறு விலாசத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

பயப்படாதே. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புத் தண்ணீர் குடித்திருந்தாள், கக்கிவிட்டாள். டாக்டரிடமும் காட்டியாயிற்று. மாலையில் இரண்டு வாழைப்பழம் தின்றாள். மருமகள்தான் பாவம், அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நல்ல பெண். அதை நான் எப்போதும் சொல்லுவேன்.

ஆனால் அறையில் எனக்கு நடந்தது விசாரணையம்மா, விசாரணை. கட்டில்மேல் நீதிபதிகள், ஸ்டூல்மேல் நான், ஈர வேட்டிகூட மாற்றவில்லை. வாத்து வளையத்தைப் பாழாக்கியது நான். குழந்தையின் காலில் ஷூ இருந்ததைக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்கு அனுப்பியதும் நானாம். "கை வேற ஆட்டியிருக்கீங்களேப்பா" என்றான் தம்பி. நான் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தேன். உன் அம்மா எதற்கும் ஒன்று சொல்லுவாளே, அவளும் அன்று வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

முடிவில் தீர்ப்பு வந்தது. சுண்டெலி இனி எங்களோடு இருக்க வேண்டாமாம். தம்பி தன் ஊருக்கே அழைத்துப் போகிறானாம், வாலுகளோடு வாலாக வளரட்டுமாம். உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, நாங்க பாத்துக்கறோம் என்று நைச்சியமாகத்தான் சொன்னான். எனக்கு வயசானது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா? தினமும் அவளுக்குச் சோறூட்டுகிறேன், தலை சீவுகிறேன், எலிக்கும் பூனைக்கும் கல்யாணம் என்று தினுசு தினுசாகக் கதை விடுகிறேன். அப்போதெல்லாம் வராத வயசு ஒரு கையாட்டலில் வந்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் கேட்பான், ஸ்பீக்கரில்தான் கேட்பான். அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. அவளை வேண்டுமானால் என் மடியிலிருந்து நீ வாங்கிக்கொண்டு போ. நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னாயே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு யோசி.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என்மேல் இருந்த பழி அன்றே இறங்கியிருக்கும். இறங்கி எங்கே போய் உட்காரும் என்று தெரிந்ததால்தான் ஸ்டூலில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். உன்னிடமும் சொல்லக்கூடாது என்றே இருந்தேன். ஆனால் தினமும் அவளுக்கு ஷூ பட்டையை ஒட்டும்போது அந்த வாக்கியம் வாய்வரை வந்துவிடுகிறது.

நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இரு. என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

தண்ணீரிலிருந்து தூக்கி வரும்போது, எங்கேம்மா போனே என்று அவள் காதோடு கேட்டேன். "அம்மா வீட்டுக்கு. நீங்கதானே தாத்தா போயிட்டு வான்னு சொன்னீங்க" என்றாள்.

உன் அப்பா