ஐம்பது ஏக்கரும் லாங் ஃபரோ பங்குகளும்

சிம்கோ, ஒன்டாரியோ
9 நவம்பர் 2019

அன்புள்ள டெஸ்ஸா,

நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். இக்காலூயிட்டில் இப்போதே மைனஸ் இருபது என்று வானொலியில் சொன்னார்கள், நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டிய விஷயம்தான். போன வாரம் காருக்குள் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கும், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

உன் அப்பா இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடுவார். தாத்தா உன் பெயரில் விட்டுப்போன பணத்தை லாங் ஃபரோ கஞ்சா நிறுவனத்தின் பங்குகளில் போடச் சொல்லிக் கேட்பார். டிசம்பர் ஆறாம் தேதியோடு இந்தப் பங்கு வெளியீடு முடிகிறது. அதற்கு முன் உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் நம் ஐம்பது ஏக்கரிலும் அவர்களுக்காக ஹெம்ப், அந்தப் போதை குறைந்த கஞ்சாச் செடியை, போட்டிருந்தோம் என்பது உனக்குத் தெரியும். அறுவடை எப்படி என்று நீ இரண்டு முறை கேட்டாய், இரண்டு முறையும் நான் பேச்சை மாற்றினேன். அறுவடையே நடக்கவில்லை. அந்தச் செடியில் போதைச் சத்து சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், நாள் ஆக ஆக ஏறும். செப்டம்பர் ஏழாம் தேதிக்குள் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, நானே அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வயலில் போய் நின்று இலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் பச்சையா நிக்குது அனெட், அடி இலை மஞ்சளாகட்டும், அப்புறம் வெட்டலாம். இதை எழுதினவன் என்னைக்காவது வயல்ல நின்னுருக்கானா?" என்றார். நாற்பது வருஷம் புகையிலை இலையை அடியிலிருந்து பழுக்கப் பழுக்கக் கிள்ளி எடுத்த கை அது. பழுக்காத இலையை உலர்த்தும் சூளைக்குள் விடுவது அவருக்குத் திருட்டு மாதிரி. பதினாறு நாள் காத்திருந்தார். செடிகள் அழகாகத்தான் பழுத்தன. சோதனைக்கு எடுத்துப்போன இலையில் அளவு தாண்டிவிட்டது, முழுப் பயிரையும் அழிக்க வேண்டும் என்று தாள் வந்தது. ஆள் வைத்து உழச் சொன்னேன், கேட்கவில்லை, தானே டிராக்டரில் ஏறி இரண்டு நாள் உழுது மூடினார். ஒப்பந்தப்படி நமக்கு ஒரு காசு கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரிய நேரமாயிற்று. ஊர் மன்றத்தில் ரோல் போல் பந்துருட்டு விளையாடப் போனபோது, பந்தை உருட்ட அப்பா கொஞ்சம் யோசித்து நின்றிருக்கிறார். கமீல் மாமா பின்னாலிருந்து, "டேய் ரெமி, பந்தும் பழுக்கட்டும்னு நிக்கிறியா?" என்று கேட்டாராம், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு மன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். லாங் ஃபரோவின் தலைவர் ப்ரூவெட் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கே வந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "ரெமி அண்ணே, உங்க மண்ணுக்கு வீரியம் ஜாஸ்தி, அதான் சங்கதி. ஹெம்ப்பை விடுங்க, மருந்துக் கஞ்சாவுக்குன்னே பொறந்த மண்ணு இது" என்றார். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஐம்பது ஏக்கரையும் சூளைகளையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால் அந்த மதிப்புக்குப் பங்கு தருவார்களாம், அப்பாவுக்கு விவசாய ஆலோசகர் என்று ஒரு பதவியும் உண்டாம். பெயர் அச்சடித்த அட்டை ஒன்றைக்கூட மாதிரிக்கு வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நான் அவர்களுடைய ஆண்டறிக்கையை மூன்று முறை படித்தேன். பாதி நாளைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எண்களோடு கழிப்பவள் நான், ஆகவே அறிக்கையின் முதல் பக்கத்துப் படங்களை நம்பும் பழக்கம் இல்லை. பயிரிட அனுமதி இருக்கிறது, நோயாளிகளுக்கு நேரடியாக விற்க அனுமதி இன்னும் வரவில்லை, இரண்டு வருஷமாக "விரைவில்" என்றே போடுகிறார்கள். கிடங்கில் விற்காமல் கிடக்கும் எண்ணெய்க்குத் தாங்களே ஒரு விலை போட்டு அதைச் சொத்து என்று காட்டியிருக்கிறார்கள். கைப்பணம் தீரும்போதெல்லாம் புதுப் பங்கு வெளியிட்டுத்தான் சம்பளம் நடக்கிறது. பெரிய நிறுவனங்களே இந்த வருஷம் ஆட்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருக்க இது எதை நம்பி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் அக்டோபரில் மன்றத்து மண்டபத்தில் அவர்கள் வைத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன், மொத்தம் எத்தனை நோயாளிகள் உங்கள் எண்ணெயை வாங்குகிறார்கள் என்று. ப்ரூவெட் சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்க பரிட்சை வைக்கிறீங்க, நாங்க எதிர்காலத்தைப் பேசுறோம்" என்றார். கைதட்டினார்கள். அப்பா கை தட்டவில்லை, ஆனால் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியில் வரும்போது, "நீ 2014லயும் இப்படித்தான் கேட்ட" என்று மட்டும் சொன்னார்.

அது உண்மை, அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. அப்போது முதன்முதலாக ஒரு கஞ்சா நிறுவனம் இந்தப் பக்கம் வந்து பங்கு விற்றபோது கமீல் மாமாவும் அப்பாவும் சேர்ந்து வாங்குவதாக இருந்தது. நான் இதே மாதிரி தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக வேண்டாம் என்று நிரூபித்தேன். கமீல் வாங்கினார், நான்கு வருஷம் கழித்து உச்சத்தில் விற்றார், ஏரிக்கரையில் அந்த வீட்டைக் கட்டினார். என் காரணங்கள் அன்றைக்கும் சரியானவைதான். ஆனாலும் நாம்தான் தோற்றோம். ஆகவே இந்த முறையும் நான் தவறாக இருக்கலாம் டெஸ்ஸா, அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் கமீல் வாங்கியது பணம் பண்ண. உன் அப்பா இப்போது வாங்க நினைப்பது, பயிரைக் கெடுத்தவன் என்ற பெயர் போவதற்காக. அதற்காக விற்கும் நிலம் திரும்பி வராது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஏனென்றால் பயிர் அழிக்கும் தாள் வந்த அன்று, கமீலும் பக்கத்தில் நிற்கும்போது, "நான்தான் தேதியை வாசிச்சுக் காட்டினேனே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், "நீ சொன்னதுல தப்பில்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

நிலத்துக்கு என் கையெழுத்தும் வேண்டும். நான் போடவில்லை. அதனால்தான் உன் பணத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார், மகள் நம்பினால் மனைவியும் வழிக்கு வருவாள் என்று ப்ரூவெட் சொல்லிக் கொடுத்ததோ, இவருக்கே தோன்றியதோ, தெரியாது. அவர் நினைப்பது சரிதான் என்பதுதான் என் பயம். நீ பணத்தைக் கொடுத்துவிட்டால் நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். உன் பணம் மட்டும் அங்கே மாட்டிக்கொள்ள, நான் நிலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் முடியாது என்று சொல்லிவிடு. காரணம் எதுவும் சொல்லாதே, ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது, பயிரைப் பற்றி நீ வாயைத் திறந்தால் உடைந்துபோவார். அம்மா கூடாது என்று சொல்லிவிட்டாள், அவளை மீறி என்னால் செய்ய முடியாது என்று சொல். எல்லாவற்றையும் என் மேல் போடு. என்னோடு கோபமாக இருக்க அவருக்குப் பழகிவிட்டது, உன்னோடு அப்படி இருக்க அவருக்குத் தெரியாது.

சளி மாத்திரையும் கம்பளிக் காலுறையும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், பெரிய காலுறை உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு. இருட்டு நீளும் மாதங்களில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கை தொடும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடும்போது கட்டாயம் எடு. என்ன சொல்வது என்று பயந்து எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. முடியாது என்று சொன்ன பிறகும் உடனே வைத்துவிடாமல், அவர் பேசுகிறவரை பேசிக்கொண்டிரு.

உன் அன்பு அம்மா,
அனெட்