காலையில் மட்டும் விழும் சிக்னல்

13 அக்டோபர் 2008, திங்கள்

எரிச்சல் தாங்கவில்லை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து காலையில் சிக்னல் வலு குறைந்து விழுகிறது. பதினொரு மணிக்கு மேல் தானே சரியாகிவிடுகிறது. மலைக் கிராமங்களில் 3ஜி கோபுரம் வேலை செய்யப் போவதே எங்கள் ஆன்டெனாவை நம்பித்தான்; செயற்கைக்கோளோடு பேச அங்கே வேறு வழியில்லை. மாதக் கடைசியில் டெல்லியிலிருந்து சோதிக்க வருகிறார்கள். பிரிவுத் தலைவர் வரதராஜன் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்ன ப்ரியம்வதா, உங்க ஆன்டெனா தூங்கி எழுந்துக்க லேட் ஆறதா?" மனுஷனா இவர்?

15 அக்டோபர்

வெயில் ஏறினால் சரியாகிறது என்றால் சால்டரிங்கில்தான் கோளாறு. ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு விட்டிருக்கிறது, சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்கிறது. செய்தது பானு, ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவள். கேட்டால் முறைக்கிறாள். "என் ஜாயின்ட் போகாது மேடம். லென்ஸ் வெச்சுப் பாத்துட்டுதான் குடுத்தேன்." என்ன திமிர்! அறிக்கையில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

17 அக்டோபர்

பானுவை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொன்னேனா என்ன?

22 அக்டோபர்

புது ஆள் எல்லாவற்றையும் மறுபடி சால்டர் செய்தான். இன்று காலையும் விழுந்தது. கத்திவிட்டேன். இந்த இடத்தில் ஒருத்தருக்காவது வேலை தெரியுமா?

24 அக்டோபர்

காலையில் நானே மொட்டைமாடியில் ஏணி போட்டு ஏறினேன். ஆன்டெனாத் தட்டுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகத்தான் சிக்னல் உள்ளே போக வேண்டும். அதன் வாய் கீழேயிருந்து தெரியாது. மூடியின்மேல் கெட்டியாகச் சந்தனம், குங்குமம். பனியில் ஊறிச் சொதசொதவென்று. துடைத்தேன். சிக்னல் ஏறிவிட்டது.

பூஜையன்று வைத்தது யார்? நான். மீட்டர், ஸ்டூல், கத்தரிக்கோல் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே போய், ஏணியிலும் ஏறி வைத்தேன். வெயிலில் காய்ந்தால் சிக்னல், பனியில் நனைந்தால் பூஜ்யம் — அடிப்பாவி, அவ வயித்துல அடிச்சிட்டியேடி!

29 அக்டோபர்

தீபாவளிக்கு ஒரு வாய் இனிப்பு இறங்கவில்லை. வரதராஜனிடம் சொன்னேன். சிரிக்கிறார்! "சந்தனம்னு எழுதினா டெல்லியில மானம் போயிடும். சால்டரிங்னே இருக்கட்டும். அவ கான்ட்ராக்ட்தானே?" கான்ட்ராக்ட்தானேவாம்! அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? புது அறிக்கை எழுதினேன். சந்தனம் வைத்தது நான், பானுமேல் பழி போட்டதும் நான். நேராக ஜெனரல் மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

14 நவம்பர்

ஆன்டெனா தேறிவிட்டது. திட்டம் என் கையைவிட்டுப் போய்விட்டது. இனி சோதனை மட்டும்தான் என் வேலை. கான்டீனில் எனக்குப் பெயர் 'சந்தன மேடம்'. சிரித்துத் தொலைக்கட்டும்.

1 டிசம்பர்

பானு வேலைக்கு வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

"ஸாரி எல்லாம் நக்கோ, வேணாம் மேடம். ஒண்ணரை மாசமா ஜீடிமெட்லாவுல ஒரு மருந்துக் கம்பெனியில மாத்திரை டப்பா ஒட்டினேன். இனிமே என் வேலையைப் பத்தி எழுதினா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்."

சாயங்காலம் இன்றைய சோதனை அறிக்கையை அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். என் பேனாவை வாங்கி இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். இரண்டும் என் தப்புதான்.