ஆவி பறக்காத மீன்

ஜூன் 4, செவ்வாய்
சின்ன மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். எடை பார்க்க அவளை உள்ளே கூப்பிட்ட நேரத்தில் நர்ஸ் என்னிடம் சொன்னாள். "மீன் தாராளமா குடுங்கம்மா, புள்ளைக்கு நல்லது. சின்ன மீனா வாங்குங்க. சுறா மாதிரி பெருசு வேணாம், அதுல பாதரசம் சேர்ந்திருக்கும். பச்சையா, அரைவேக்காடா கூடவே கூடாது. பாக்கெட்ல ஜில்லுனு விக்கிற புகை போட்ட மீனு இருக்கு பாருங்க, அதை ஆவி பறக்கச் சூடு பண்ணாம வாயில வைக்கக் கூடாது."
எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். கல்வெட்டு.

ஜூன் 5
மத்தி வாங்கிக் கொதிக்கக் கொதிக்கச் சமைத்தேன். "அத்தை, உங்க கையில மீனு ரெண்டாவது தடவை சாகுது" என்றாள் மருமகள். சிரித்துவிட்டேன். இவள் சொன்னால் சிரிப்பு வருகிறது. இவள் அம்மா சொன்னது மட்டும் ஆறவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள், உறவு மொத்தமும் பந்தியில் இருக்க, நீலக் கரைப் புடவையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "மீனை வேக வச்சு வேக வச்சு செருப்புத் தோலாக்கிட்டீங்களே சம்பந்திம்மா!" ஆறவும் விடமாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு
சம்பந்தி வந்தாள். பெரிய கடைப் பை. உள்ளே ஜில்லென்று ஒரு பாக்கெட். மெல்லிசாகச் சீவிய மீன், ரோஜா நிறம், புகை வாடை. பையை நீட்டினாள். நான் கை நீட்டவில்லை. மேசைமேல் வைத்தாள்.
"பக்குவம் பண்ணுன மீனு. அப்படியே சாப்பிடணும். அடுப்புல ஏத்திக் கொன்னுடாதீங்க சம்பந்திம்மா."
என் மகனும் சேர்ந்து சிரித்தான். பெற்ற பிள்ளை!
நர்ஸ் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவள் பெண், அவள் மீன். எனக்கென்ன? வெளியே போய்த் துணி மடித்தேன்.
பாக்கெட் முழுவதையும் மருமகள்தான் தின்றாள்.

ஜூன் 12
ஒன்றும் ஆகவில்லை. நர்ஸுகள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

ஜூன் 20
ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஏன் தினமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 28, வெள்ளி
லேசான காய்ச்சல். முதுகு வலி என்கிறாள். "வெயில்தான் அத்தை." பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன். "தூங்குது போல."
பகலெல்லாம் என்ன தூக்கம்?
"நாளைக்குப் பாக்கலாம்மா" என்றான் மகன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். வண்டியை எடுத்தான்.

ஜூன் 29
இந்த ஒரு மாதத்தில் என்னவெல்லாம் சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். மருமகளுக்கு நேற்றுத் தின்றதே நினைவில்லை. நான் சொன்னேன். ஒன்பதாம் தேதி, ஞாயிறு, மதியம். புகை மீன். சூடு பண்ணவில்லை. முழுப் பாக்கெட். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்து ஏற்றினார்கள்.
சம்பந்தியின் முகம் வெளுத்துப் போனது. இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்? பார்த்தேன். பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.
"சூடு பண்ணணும்னு யாரும் சொல்லலையே!" என்று அழுதாள்.
மருந்து பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதே நர்ஸ். பாட்டிலை மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 1
ரத்தத்தில் கிருமி. அந்த மாதிரி மீனில் வருவதுதானாம். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது — இப்போதைக்கு. அந்த 'இப்போதைக்கு' டாக்டர் போட்டது.

ஜூலை 4
சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில்.
"எனக்குத் தெரியும் சம்பந்திம்மா. நர்ஸு முன்னாடியே சொன்னா. உங்க மேல இருந்த கோவத்துல வாயத் தெறக்கல."
அடிப்பாள் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மறக்க மாட்டேன்" என்றாள்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் குரல்.

ஜூலை 16
பெண் குழந்தை. நாள் ஆகும் முன்பே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள், மூச்சைத் தானே விடுகிறாள். மருமகள் என்னோடு பேசுவதில்லை.
காலையில் சம்பந்தி ஒரு பை மத்தியோடு வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை கை நீட்டினேன். தரவில்லை. மேசைமேல் வைத்தாள்.
சமைத்தேன். அடுப்பை விட்டு அவள் நகரவில்லை. கரண்டியால் மீனைப் பிளந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், உள்ளே ஆவி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் மகளுக்கு டப்பாவில் எடுத்து வைத்தாள்.
மூடியைக்கூட என்னைத் தொட விடவில்லை.