அத்தை கொடுத்த வாக்குமூலம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். படாளம் பஸ் ஸ்டாப்பில் ஒரே சேறு, காலைத் தாங்க இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் ஷூவுக்குள் தண்ணீர். இவர் தன் லோடு வண்டியில் ஏற்றி, மதுராந்தகத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார்.

கொடுத்தவை: கல்யாணப் பத்திரிகை, புது விலாசம் போட்ட ஆதார், ஊனச் சான்று நகல், பாஸ்புக். உதவித்தொகை வாங்குகிறவள் கல்யாணம் ஆனாலும் ஊர் மாறினாலும் தெரிவிக்க வேண்டுமாம். கடப்பாக்கத்திலிருந்து அம்மா போனில், "இன்னாத்துக்குடி நீயா போய் சொல்ற? கம்முனு கெடக்க மாட்டியா?"

மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால்? எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. என் பெயரில் வருவது அது ஒன்றுதான். ஷூ ரிப்பேர், மாத்திரை, அம்மாவுக்கு எப்போதாவது ஒரு புடவை. யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்களாம்.

நவ. 13, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

விசாரணைக்கு வந்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஷூ வார் தைக்கப் போயிருந்த நேரம். மாமியார் மட்டும் வீட்டில். நான் திரும்பியதும் அத்தை முகத்தில் அப்படியொரு பெருமை.

"உனுக்கு கால் வராதுனு எழுதிக்கினு வந்துகீறான் ஒருத்தன். வுடுவனா? எங்க மருமவளுக்கு இன்னா கொறைச்சல்? அதுதான் சமைக்குது, தொவைக்குது, பம்புல தண்ணி புடிச்சாருது. ஒரு ஆளு தொணை வாணாம் அதுக்குனு சொல்லி அனுப்பிட்டேன்."

கல்யாணத்தின்போது என் காலைப் பற்றித் தெருவே கேட்டது. அப்போதும் இதே பதில்தான். வாய்க்குப் பழகிவிட்டது. தண்ணீர் பிடிப்பது, துவைப்பது எல்லாம் அத்தை. சமையல் மட்டும் நான், அதுவும் உட்கார்ந்தபடி.

"கையெழுத்து எதுனா கேட்டாங்களா அத்த?"

"கைநாட்டு வெச்சேன்."

எல்லாம் எழுத்தில் ஏறிவிட்டது. திட்டவா முடியும்? எனக்காக ஊரோடு மல்லுக்கு நிற்கிற ஒரே ஆள்.

டிச. 8, திங்கள்

மழை விட்டபாடில்லை. பணம் வரவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்தேன், நாலாவது தடவை எடுத்தார்கள். நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "பிறர் உதவியின்றி எல்லா வேலையும் செய்கிறார்", மாமியார் வாக்குமூலம். அவர்களைச் சொல்லி என்ன? சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் மறுத்தால் போதாதாம். வாக்குமூலம் கொடுத்தவரே செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸுக்கு வந்து மாற்றிச் சொல்ல வேண்டும்.

இவர்: "எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடேன்." நல்ல ஆம்பளை.

சொன்னேன். அத்தை ராத்திரி சாப்பிடவில்லை.

டிச. 15, திங்கள்

செங்கல்பட்டு. மனு வாங்கும் நாள், நிற்க இடமில்லை. அத்தை எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் வந்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா தன்மையாகத்தான் கேட்டார். "உங்க மருமகளால என்னென்ன முடியாது? நீங்களே சொல்லுங்க."

"தண்ணி தூக்காது."

"அப்புறம்?"

"கீழ குந்துனா எழுந்துக்காது."

"அப்புறம்?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "ஒன்னியும் ஆவாதும்மா அதால. சோறுகூட நாந்தான் ஆக்குறேன். எதுக்கும் ஆவாது."

பாதி உண்மை. பாதி எனக்காகச் சொன்னது. இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்தது.

கைநாட்டு. மை துடைக்க ஒன்றும் இல்லை. பட்டுப்புடவையிலேயே துடைத்துக்கொண்டார். படாளம் வரை பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னல் பக்கமே முகம். நான் அழுதேன், சத்தமில்லாமல்.

டிச. 16, செவ்வாய்

மூட்டம். மறுபடி விசாரணைக்கு ஆள் வருமாம். என்றைக்கு என்று சொல்லவில்லை.

எழுந்து போனால் சோறு, குழம்பு எல்லாம் ஆகியிருந்தது. கீரையாவது ஆய்கிறேன் என்று முறத்தை இழுத்தேன். அத்தை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

"வாணாம்மா. யாருனா பாத்துட்டா?"

"கதவ சாத்திக்கலாம் அத்த."

"நா கைநாட்டு வெச்சிட்டு வந்துகீறேன். அது பொய்யா பூடக்கூடாது."

மணி பதினொன்று. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். காபிகூடக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.