போடாத குண்டும் ரதி வேஷமும்

றொசல்ல
5.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்க எல்லாரும் இருமிக்கிட்டே நல்லா இருக்கோம். போன்ல பேசுனா சிரிச்சே மழுப்பிருவீங்க, அதான் எழுதுறேன்.

மாசியில நம்ம தேயிலைத் தோட்டத்துல காமன் கூத்து. எரிஞ்சுபோன காமனுக்காக அழுகுற ரதியா மூணு வருசம் ஆடுறேன்னு நேந்துகிட்டீங்க. ரெண்டு ஆடிட்டு ஜெர்மனிக்குப் போயிட்டீங்க, மூணாவது அப்படியே நிக்குது. கூத்து வாத்தியார் மாயாண்டி மாமா என்னையத்தான் பிடிச்சுக் கேக்குறாரு. "உன் புருசன் அங்க என்னம்மா வேல பாக்குறான்?"னு வேற. ஆகாசத்துக்கு மேல அணுகுண்டு வெடிச்சா என்னாகும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறாருன்னேன். "போடாத குண்டுக்கா இத்தன வருசம்?"னாரு. நானும் அதையேதான் கேக்குறேன்.

இந்தத் தடவையாவது வாங்க. எனக்கு அலுத்துப் போச்சு.

உங்க
சுதா


ஜெர்மனி
8.1.2025

அன்புள்ள சுதா,

கோவிச்சுக்காத. நானும் ஓய்ஞ்சுதான் போயிருக்கேன். அவ்வளவு உயரத்துல வெடிச்சா கீழ சத்தமே கேக்காது. ஆனா அதுல தெறிக்கிற எலக்ட்ரான் பூமியோட காந்தத்துல மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா சுத்தும். சேட்டலைட் ஒவ்வொண்ணா செத்துப்போகும். எவ்வளவு காலம் சுத்தும்ங்கிறதுதான் என் கணக்கு. போன வாரம் பாதியில தப்பாயிருச்சு, மறுபடி முதல்ல இருந்து. மாசிக்கு வர முடியாது.

நீ இங்க வந்திரேன். மார்ச் 6 கொழும்புல விசா நேர்முகம், பதிஞ்சிட்டேன். ஸ்கூல்ல உன் வேலைக்கு லீவு சொல்லிரு. வேஷத்த வேற யாராச்சும் கட்டட்டும், அதெல்லாம் ஒரு விஷயமா?

உன்
கஜேந்திரன்


றொசல்ல
3.3.2025

அத்தான்,

நேத்து காமன் கம்பம் ஊண்டியாச்சு. காப்புக் கட்டுனவங்க பௌர்ணமிக்குக் கூத்து முடியிற வரைக்கும் தோட்டத்த விட்டு வெளிய போகக்கூடாது, உங்களுக்குத் தெரியாததில்ல. ரதிக்கு ஆளில்லாம எல்லாரும் முழிச்சிக்கிட்டு நின்னாங்க. காப்புக் கட்டச் சொல்லி நான் கையை நீட்டுனேன். பொம்பள ரதி கட்டுறதான்னு ஒரே சத்தம். ஆம்பளைங்க மீசைய மழிச்சிட்டு அழுதா சரி, நான் அழுதா மட்டும் வழக்கமில்லையான்னு கேட்டேன். மாயாண்டி மாமா காப்பக் கட்டிவிட்டுட்டாரு.

ஆறாந் தேதி கொழும்புக்குப் போக மாட்டேன். மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க, தெரிஞ்சேதான் நீட்டுனேன். வேற தேதியும் பதிய வேணாம். உங்க நேத்திக்கடனும் முடிஞ்சிரும், அதுக்காகவும் நீங்க வர வேணாம். கணக்க நிதானமா முடிங்க.

அங்க குளிரா இருக்கும். காத மூடிக்கிட்டு வெளிய போங்க.

சுதர்ஷினி